பைத்தானுக்கு அனுப்பிய பேட்ச் ஏன் மாதக்கணக்கில் பதிலில்லாமல் கிடக்கிறது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். தமிழ்க் கட்டுரைகளில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஒரு சிறு நிரலை எழுதினீர்கள். பைத்தான் நிரலாக்க மொழியில், உரைக்குள் வடிவங்களைத் தேட உதவும் ரெஜெக்ஸில் 'சொல்லில் வரக்கூடிய எழுத்து' என்பதற்கான பேக்ஸ்லாஷ் டபிள்யூ குறியைப் போட்டதும் தமிழ்ச் சொற்கள் துண்டுதுண்டாக உடைந்து வந்தன. காரணத்தைத் தேடிக்கொண்டு பைத்தானின் சி மூலநிரல் வரை போய், ஒரு வரியை மாற்றி, அந்தத் திருத்தத்தை (பேட்ச்) சேர்த்துக்கொள்ளும்படி கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினீர்கள். நான்கு மாதம் ஆகிறது. தானாக இயங்கும் பாட் போட்ட குறிப்புகளைத் தவிர ஒரு மனிதரும் வாய் திறக்கவில்லை. தேடிப் பார்த்தால், இதே குறையை 2007-இலேயே யாரோ பதிந்துவிட்டிருக்கிறார்கள். "வெளியாள் அனுப்புவதை உண்மையிலேயே பார்ப்பார்களா, இல்லை, யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தானா?" என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பதில் ஏன் வரவில்லை என்பது ஒன்று. நீங்கள் கண்டது அவர்கள் கணக்கில் பிழைதானா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவது பாதிக்குமேல் விளங்கிவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை: பல வருடங்களாக பைத்தானுக்குச் சிறு பேட்சுகள் அனுப்பி வருகிறேன், வருகிற பக் ரிப்போர்ட்டுகளைப் படித்துத் தரம்பிரிக்கிற வேலையும் செய்கிறேன். பெரும்பாலும் ஆவணம், டெஸ்ட், யூனிகோட் சம்பந்தப்பட்டவை. மெர்ஜ் செய்யும், அதாவது மாற்றத்தைப் பைத்தானுக்குள் சேர்க்கும் உரிமை எனக்குக் கிடையாது. ஆகவே நடைமுறையைப் பற்றி நான் சொல்வது உறுதியானது. உங்கள் பேட்சின் கதி என்னவாகும் என்று சொல்வது என் கணிப்பு மட்டுமே.

குறை என்ன என்பதில் சந்தேகமே இல்லை. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, சொல் எழுத்துகளின் தொடர்களை எடுத்துத் தா என்று கேட்டால், பைத்தான் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகளைத் தருகிறது. 'கேட்டேன்' என்று கொடுத்தால் 'க', 'ட', 'ட', 'ன' என்று நான்கு. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் தரநிலையான யூனிகோடில் த, ம, ழ போன்றவை 'எழுத்து' என்ற வகையில் வருகின்றன. இகரக் கொக்கி, ஏகாரக் கொம்பு, புள்ளி ஆகியவை 'குறி' என்ற வேறு வகையில் வருகின்றன. பைத்தானின் ரெஜெக்ஸ் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டும் சேர்த்துக்கொள்கிறது, குறிகளை விட்டுவிடுகிறது. தமிழில் மட்டுமல்ல, தேவநாகரி, மலையாளம், சிங்களம் எல்லாவற்றிலும் இதே கதைதான். இத்தனைக்கும் பைத்தான் மொழியே தமிழ்ச் சொல்லை முழுசாக ஏற்றுக்கொள்கிறது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0-இலிருந்து 'பெயர்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், கம்பைலர் மறுப்பதில்லை. அதே 'பெயர்' ரெஜெக்ஸிடம் போனால் சொல்லாக மதிக்கப்படுவதில்லை. ஒரே மொழிக்குள் இப்படி இரண்டு கணக்கு.

ஆனால் இது பிழையா என்ற கேள்விக்கு விடை அவ்வளவு எளிதல்ல. ஒரு நிரலாக்க மொழித் திட்டத்தில் பக் என்றால், ஆவணம் சொல்வது ஒன்று, நடப்பது வேறொன்று என்று இருக்க வேண்டும். ரெஜெக்ஸ் ஆவணமோ, யூனிகோட் எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. 'எழுத்து அல்லது எண்' என்பதற்கு ஸ்ட்ரிங் (எழுத்துத்தொடர்) வகையில் இருக்கும் சோதனை எதுவோ அதுதான் அளவுகோல் என்றும் சொல்கிறது. ஆக, நிரல் ஆவணப்படிதான் நடக்கிறது. மறுபக்கம், யூனிகோட் அமைப்பின் ரெஜெக்ஸ் தரநிலையான யூடிஎஸ் 18, சொல் எழுத்து என்பதில் குறிகளையும் சேர்க்கச் சொல்கிறது. பெர்ல் அப்படித்தான் செய்கிறது. 2011-இல் பெர்ல் உலகத்தில் பெயர்பெற்ற டாம் கிறிஸ்டியன்சன் பைத்தானின் யூனிகோட் குறைகளை வரிசையாகப் பதிந்தபோது இதையும் தனியாக ஒன்றாகப் பதிந்தார். ஆக, ஆவணப்படி சரி, தரநிலைப்படி தவறு. இந்த மாதிரி நடுவில் நிற்கிறவைதான் வருடக்கணக்கில் கிடப்பவை. தெளிவான பிழை சீக்கிரம் திருத்தப்படும், தெளிவாகப் பிழையல்லாதது சீக்கிரம் மூடப்படும்.

லேபிள் என்ன ஒட்டுகிறார்கள் என்பதை வெறும் அலுவலகச் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். 'பக்' என்று ஒட்டினால் திருத்தம் வருங்காலப் பதிப்புக்கும் போகும், இப்போது பராமரிப்பில் இருக்கும் பழைய பதிப்புகளுக்கும் பேக்போர்ட் ஆகும். 'புது அம்சம்' என்று ஒட்டினால் மெயின் கிளைக்கு மட்டும்தான். பைத்தானில் வருடத்துக்கு ஒரு பதிப்பு, அக்டோபரில் வரும். அந்த வருடம் மே வாக்கில் முதல் பீட்டா வந்ததும் புது அம்சங்களுக்குக் கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு வந்தால் அடுத்த வருடம்தான். 3.13-இலிருந்து ஒவ்வொரு பதிப்புக்கும் 2 வருடம் பிழைத் திருத்தம், அதன்பின் 3 வருடம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். உங்கள் மாற்றத்தை யாரும் பராமரிப்புக் கிளைகளில் சேர்க்க மாட்டார்கள் என்பதை உறுதியாகவே சொல்லலாம். ஒரு நிறுவனம் தன் சர்வரில் சிறு அப்டேட் போட்ட மறுநாள், அதே ரெஜெக்ஸ் அதே தரவில் வேறு விடை தந்தால் அவர்கள் பைத்தானை நம்புவதை நிறுத்திவிடுவார்கள்.

"ஒரு வரிதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வரியைப் படித்தேன். சி கோப்பில் சொல் எழுத்தா என்று பார்க்கும் ஒரு மேக்ரோ (பல இடங்களில் பயன்படும் சுருக்க வரி). அதில் 'யூனிகோட் ஆல்ஃபபெட்டிக்' என்ற பண்பையும் சேர்த்திருக்கிறீர்கள். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ் உயிர்க்குறிகளுக்கு அந்தப் பண்பு உண்டு, புள்ளிக்குக் கிடையாது. அதனால் உங்கள் பேட்சை ஓட்டினால் 'தமிழ்' என்பது 'தமிழ' என்று வந்து நிற்கும், கடைசிப் புள்ளி மட்டும் வெளியே கிடக்கும். 'கேட்டேன்' நான்கு துண்டாக இருந்தது 'கேட', 'டேன' என்று இரண்டாகும். முன்பைவிடத் தேவலை, ஆனால் இன்னும் தவறு. 'குறி' வகை முழுவதையும் சேர்த்தால்தான் சரியாகும். இதைக் கண்டுபிடிக்க ரிவ்யூ செய்கிறவருக்குத் தமிழ் எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு உங்கள் பேட்ச் சரியா தவறா என்று சொல்லவே வழியில்லை. அவர் நல்லவராக இருந்தால் அதனாலேயே எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார்.

வரி ஒன்றுதான் என்றாலும் அது தொடும் இடங்கள் பல. சொல் எழுத்து மாறினால் சொல் எல்லைக் குறியும் கூடவே மாறும். இன்றைக்கு 'கல' என்பதைத் தனிச்சொல்லாகத் தேடினால் 'கலை', 'கலி', 'கல்' எல்லாவற்றிலும் அகப்படும், ஏனென்றால் ல-வுக்குப் பின்னால் வரும் குறியை ரெஜெக்ஸ் சொல்லின் எல்லையாக எடுத்துக்கொள்கிறது. மாற்றினால் இது சரியாகிவிடும், நமக்கு மகிழ்ச்சி. இன்னொன்றைப் பாருங்கள். வலைத்தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோவில் இயல்பாக வரும் பயனர்பெயர்ச் சரிபார்ப்பு இதே பேக்ஸ்லாஷ் டபிள்யூவை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அங்கே இன்று 'கமல' என்று பெயர் வைக்கலாம், 'கமலா' என்று வைக்க முடியாது. தமிழருக்கு இது அநியாயம்தான். ஆனால் பைத்தானில் அந்த வரியை மாற்றிய நாளில், உலகத்தில் அந்தச் சரிபார்ப்பை நம்பியிருக்கும் அத்தனை தளங்களிலும், ஆங்கில எழுத்தின்மேல் ஒரு சிறு குறியை ஏற்றி, பார்வைக்கு வேறொருவர் பெயர் போலவே இருக்கும் பெயரைப் பதிவு செய்யவும் வழி திறக்கும். யாரும் தங்கள் நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலே அவர்களின் பாதுகாப்பு மாறிவிடும். மெர்ஜ் பட்டனை அழுத்துகிறவர் இதையெல்லாம் யோசித்தாக வேண்டும், பின்னால் புகார் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படி நடந்ததற்கு உண்மையான உதாரணம் உண்டு. மிக நீளமான எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றுவதற்கு ஆகும் நேரம் இலக்கங்களின் எண்ணிக்கையைவிட மிக வேகமாகக் கூடும். அதை வைத்து ஒரு சர்வரைத் திணறடிக்கலாம் என்ற பாதுகாப்புக் குறைக்கு 2020-லேயே சிவிஇ எண் (பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) ஒதுக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் அதற்குத் திருத்தமாக 4300 இலக்கம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். பாதுகாப்பு என்பதால் 3.7 வரை பழைய கிளைகள் எல்லாவற்றிலும் சேர்த்தார்கள். மறுநாளே பெரிய எண்களோடு வேலை செய்கிற கணிதக்காரர்களின் நிரல்கள் நின்றன. சரியான முடிவுதானா என்று நீண்ட வாக்குவாதம். பாதுகாப்பு என்ற அவசரம் இருந்தும் அவ்வளவு எதிர்ப்பு என்றால், அவசரம் இல்லாத ஒரு மாற்றத்தைத் தொட ஏன் தயங்குகிறார்கள் என்பது புரியும்.

சரி, அனுப்பிய பேட்ச் உள்ளே என்ன வழியாகப் போகிறது? முதலில் பாட்கள். பங்களிப்பு உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்களா, தலைப்பில் இஷ்யூ (பதிந்த குறை) எண் இருக்கிறதா, மாற்றக் குறிப்பு எழுதினீர்களா என்று அவை பார்க்கும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் டெஸ்டுகள் ஓடும். உங்கள் புல் ரிக்வெஸ்டில் மாற்றக் குறிப்பு இல்லை, சிவப்புக் குறி இன்னும் அப்படியே நிற்கிறது. இது சின்ன விஷயம். ஆனால் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிற ஒருவர் சிவப்பைக் கண்டால், 'அனுப்பியவர் இன்னும் முடிக்கவில்லை போல' என்று அடுத்ததற்குப் போய்விடுவார். அதன்பின் தரம்பிரிப்பவர்கள் லேபிள் ஒட்டுவார்கள். கடைசியில் மெர்ஜ் உரிமை உள்ள ஒரு கோர் டெவலப்பர் படித்து ஒப்புக்கொண்டு மெர்ஜ் செய்ய வேண்டும். மாற்றம் கேட்டால், செய்து முடித்த பிறகு, கேட்டதைச் செய்துவிட்டேன் மறுபடி பாருங்கள் என்ற பொருள்படும் ஒரு குறிப்பிட்ட ஆங்கில வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் பாட் லேபிளை 'ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறது' என்று திருப்பி மாற்றும். அந்த ஒரு வரியை எழுதாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திறந்து கிடக்கும் இஷ்யூக்கள் ஆயிரக்கணக்கில். அவற்றை மெர்ஜ் செய்யும் உரிமை உள்ளவர்கள் அதோடு ஒப்பிட்டால் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் சொந்த வேலைக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தில் செய்பவர்கள். சம்பளம் கொடுத்து இதற்கென்றே ஒருவரை வைத்தது 2021-இல்தான். பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை ஊகாஷ் லாங்காவை அந்தப் பொறுப்பில் அமர்த்தியது. தேங்கிக் கிடந்த புல் ரிக்வெஸ்டுகளைப் பார்ப்பது அவருடைய முதல் வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு மாட்யூலுக்கும் (நிரல் பகுதிக்கும்) யார் பொறுப்பு என்று டெவலப்பர் வழிகாட்டியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். சிலவற்றுக்கு எதிரே நான்கைந்து பெயர், சிலவற்றுக்கு எதிரே வெற்றிடம். உங்கள் பேட்ச் எந்த மாட்யூலைத் தொடுகிறது என்பது, அது எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைவிடப் பலசமயம் முக்கியமாகிவிடுகிறது. வருவதில் கணிசமான பங்கு பக்கே அல்ல. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது, 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 3 வராமல் 2 வருகிறது என்பவை ஓயாமல் வருகின்றன. இரண்டும் வேண்டுமென்றே அப்படி இருப்பவை. அவற்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதி மூடுகிற கைகள்தான் உங்கள் பேட்சையும் எடுக்க வேண்டும்.

நல்ல ரிப்போர்ட்டுக்கு எப்படி வரவேற்பு கிடைக்கிறது என்பதற்கு 2015-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பைத்தானின் வரிசைப்படுத்தும் முறையான டிம்சார்ட்டை 2002-இல் டிம் பீட்டர்ஸ் எழுதினார். பிறகு ஜாவாவும் ஆண்ட்ராய்டும் எடுத்துக்கொண்டன. ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் அது சரியென்று கணித முறைப்படி நிரூபிக்க முயன்றபோது, நிரூபணம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று பார்த்தால், உள்ளே பராமரிக்கப்படும் ஒரு நிபந்தனை சில அரிய வரிசைகளில் உடைகிறது. எந்த நிபந்தனை, எப்போது உடைகிறது, எந்த வரியை எப்படி மாற்றினால் சரியாகும் என்று எல்லாவற்றையும் கொடுத்தார்கள். பைத்தானில் அந்தப் பிழையைத் தூண்டும் அளவுக்குப் பெரிய பட்டியல் அன்றைய எந்தக் கணினியிலும் அடங்காது. இருந்தும் நிபந்தனையையே சரியாக்கும் திருத்தத்தைச் சீக்கிரமாகச் சேர்த்தார்கள். ஜாவாவிலோ தர்க்கத்தைத் தொடாமல், ஒதுக்கும் நினைவிடத்தை மட்டும் கூட்டினார்கள். 2018-இல் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கூட்டலும் போதாது என்று காட்டினார்கள். அதே ரிப்போர்ட், இரண்டு திட்டங்கள், இரண்டு முடிவுகள். எனக்கு இதில் பிடித்தது, ரிப்போர்ட் எழுதியவர்கள் படிப்பவரின் வேலையை ஏறக்குறைய முழுவதும் செய்துகொடுத்ததுதான். படிப்பவர் 'ஆமாம்' என்று சொல்வதற்கு என்ன தேவையோ அது அத்தனையும் கையில் இருந்தது.

அதற்காக நடைமுறை எப்போதும் சரியாக நடக்கிறது என்று நான் வாதாடவில்லை. 2007-இல், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் டார் கோப்புகளை விரிக்கும் மாட்யூலில் ஒரு ஓட்டையை ஒருவர் சொன்னார். கோப்பின் பெயரில் இரண்டு புள்ளிகளை வைத்து மேல் அடைவுக்கு ஏறிப்போய், விரிப்பவரின் கணினியில் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். அதற்கு சிவிஇ எண்ணும் கிடைத்தது. டார் என்பதே அப்படித்தான் இயங்கும், நம்பாத கோப்பை விரிக்காதீர்கள் என்று ஆவணத்தில் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்து மூடிவிட்டார்கள். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? 15 வருடம் கழித்து, 2022-இல், பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதே ஓட்டையை எண்ணற்ற நிரல்களில் கண்டெடுத்தார்கள். அதன் பிறகுதான் பெப் 706 (பைத்தான் மாற்றங்களுக்கான முன்மொழிவு ஆவணம்) எழுதப்பட்டு, 2023-இல் 3.12 பதிப்பில் பாதுகாப்பு வடிகட்டி வந்தது. கேட்காமலே அது இயல்பாக வேலை செய்வது 2025-இல் வந்த 3.14-இலிருந்துதான். 'ஆவணப்படி நடக்கிறது' என்ற வாதம் எத்தனை வருடத்தை விழுங்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம்முடைய ரெஜெக்ஸ் விஷயத்திலும் எனக்கு அதே ஆதங்கம் உண்டு. செய்ய மாட்டோம் என்று காரணத்தோடு சொல்லி மூடினால்கூட மதிப்பேன். 2007-இலிருந்து ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் விட்டிருப்பது தவறு. இந்திய எழுத்துகளை அன்றாடம் தட்டச்சு செய்கிறவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் போதுமான அளவு இருந்திருந்தால் இது இவ்வளவு காலம் கிடந்திருக்காது என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது, எண்ணம் மட்டுமே.

ஆனால் பதில் வராத கோபத்தில் தினம் ஒரு நினைவூட்டல் எழுதாதீர்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-இல் பெயர் தெரியாத சில கணக்குகள், பேட்சுகள் தேங்கிக் கிடக்கின்றன, வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடு என்று, களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரை நெருக்கிக்கொண்டே இருந்தன. அப்படி உள்ளே நுழைந்த ஆள் பின்கதவு ஒன்றை வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், தன் கணினியில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்ததால்தான் அது வெளிப்பட்டது. அதற்குப் பிறகு, அறிமுகமில்லாதவர் அவசரப்படுத்தினால் யாரும் முன்பைவிட எச்சரிக்கையாகத்தான் இருப்பார்கள். ஏஐ எழுதிக்கொடுத்த போலி ரிப்போர்ட்டுகளின் வெள்ளம் வேறு. இணையத்தில் தரவைப் பரிமாற உதவும் கர்ல் என்ற மென்பொருள் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 தொடக்கத்திலிருந்தே இதைப் பற்றி வெளிப்படையாக எழுதி வருகிறார். பார்க்க முறையாக இருக்கும், உள்ளே சொன்ன பிழை இருக்காது, ஆனால் இல்லை என்று உறுதி செய்ய ஒருவரின் அரைநாள் போகும். நீங்கள் உண்மையான ஆள், உண்மையாக ஓட்டிப் பார்த்தவர் என்பது உங்கள் ரிப்போர்ட்டைப் படித்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை, புதிதாக ஏதாவது சேர்த்துவிட்டு, ஒரு வரி எழுதினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெறுமனே 'ஏதாவது தகவல் உண்டா' என்று கேட்பதால் எந்தப் பயனும் இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். இந்தப் புல் ரிக்வெஸ்டை இப்போதைக்கு 'டிராஃப்ட்' என்று மாற்றிவிடுவேன். முதலில் ஆவணத்துக்கு மட்டும் ஒரு சிறு பேட்ச்: சொல் எழுத்து என்பதில் உயிர்க்குறிகளும் புள்ளியும் சேராது, அதனால் இந்திய மொழிச் சொற்கள் உடையும் என்று இரண்டு வரி. இதில் யார் நிரலும் உடையாது, வாதாட ஒன்றுமில்லை, பராமரிப்புக் கிளைகளுக்கும் போகும். இது சீக்கிரம் சேரும் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்கிறேன். உங்கள் பெயரும் உங்கள் வேலைத் தரமும் அந்த மாட்யூலைப் பார்க்கிற ஒருவருக்குத் தெரியவரும். அடுத்து, பைத்தானின் விவாதத் தளத்தில் யோசனைகளுக்கான பகுதியில் கேள்வியை வையுங்கள். சொல் எழுத்தின் பொருளையே மாற்றுவதா, அல்லது கேட்டால் மட்டும் யூனிகோட் தரநிலைப்படி நடக்கும் புதுக் கொடி (பயன்படுத்துபவர் இயக்கும் விருப்பத் தேர்வு) ஒன்றைச் சேர்ப்பதா என்று இரண்டு வழிகளையும் சொல்லுங்கள். பழைய நடத்தையை மாற்றுவதென்றால் பெப் 387-இன்படி குறைந்தது இரண்டு பதிப்புகளில் எச்சரிக்கை காட்ட வேண்டும். ரெஜெக்ஸில் எந்த இடத்தில் எச்சரிப்பது என்பதே குழப்பம். கொடி வழியில் அந்தத் தொல்லை இல்லை. எனக்குக் கொடி வழிதான் நடக்கக்கூடியதாகப் படுகிறது. ஜாவா இதே சிக்கலுக்கு அந்த வழியைத்தான் எடுத்தது.

அங்கே தலையசைப்பு கிடைத்தால் டெஸ்டுகளோடு பேட்சைத் திரும்ப எழுதலாம். தமிழ் மட்டும் போதாது. தேவநாகரி, மலையாளச் சொற்கள், மேற்குறிகளோடு எழுதப்படும் அரபுச் சொல், தனிக் குறியோடு பிரித்து எழுதப்பட்ட பிரெஞ்சுச் சொல் எல்லாம் வேண்டும். சொல் எல்லைக்குத் தனி டெஸ்ட் வேண்டும். வேகம் குறைகிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். பைத்தானின் வேக அளவீட்டுத் தொகுப்பில் ரெஜெக்ஸுக்கென்றே சில சோதனைகள் உண்டு. முன்னும் பின்னும் ஓட்டி எண்களைக் கேட்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்களின் பேட்சுகளை எடுத்து உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். அதற்கு எந்த உரிமையும் தேவையில்லை. ஒரு காலத்தில் மூத்தவர் ஒருவர், ஐந்து பேட்சுகளை நீ ரிவ்யூ செய், உன்னுடையதை நான் பார்க்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லி வைத்திருந்தார். இன்று அப்படி எழுதப்பட்ட ஏற்பாடு இல்லாவிட்டாலும், ரிவ்யூக்களில் அடிக்கடி தென்படும் பெயர்கள் கவனிக்கப்படுகின்றன என்பதை என் அனுபவத்தில் சொல்ல முடியும்.

உங்கள் சொல் எண்ணும் நிரல் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். மேத்யூ பார்னெட் எழுதிப் பராமரிக்கும் 'ரெஜெக்ஸ்' என்ற தனி மாட்யூலை நிறுவிக்கொள்ளுங்கள். பயன்பாடு ஏறக்குறைய பழையதைப் போலவேதான், 'தமிழ்' அதில் முழுச்சொல்லாகவே வரும். இன்னொன்று, இதுபோலத் தேடிக்கொண்டு போகும்போது எப்போதாவது பிறர் தவறாகப் பயன்படுத்தக்கூடிய ஓட்டையைக் கண்டால், அதைப் பொதுவில் பதியாதீர்கள். பாதுகாப்புக் குழுவுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி பைத்தான் தளத்தில் இருக்கிறது, அங்கே அனுப்புங்கள்.

ஆவணப் பேட்சை எழுதினால் அதன் எண்ணை இங்கே போடுங்கள். யூனிகோட் பக்கத்தையும் டெஸ்டுகளையும் நான் படித்து, ஓட்டிப் பார்த்து, கிட்ஹப்பிலேயே கருத்து எழுதுகிறேன். சி மேக்ரோவின் வேகத்தைப் பற்றி முடிவு சொல்ல எனக்குத் தகுதி போதாது, அதற்கு அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவர்தான் வர வேண்டும்.